பதினேழாயிரம் லிட்டர் ஆசீர்வாதம்

நான் ஒரு மனிதனைக் கழுத்தளவு ஆசீர்வாதத்தில் மூழ்கடித்திருக்கிறேன். மொத்தம் பதினேழாயிரம் லிட்டர். கயிறு கட்டவில்லை, கை வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஐந்தரை மணி நேரம் ஆள் மண்டியிட்ட இடத்தை விட்டு அசையவில்லை. அவன் முழங்கால் பட்ட இடத்தில் சிமெண்ட் தரை குழிந்துபோய், போன மழைக்காலத்தில் அந்தக் குழியில் தவளை முட்டையிட்டிருந்தது.

முப்பத்தொரு வருஷம் நகராட்சித் தீயணைப்பு வண்டி ஓட்டியவன் நான். தண்ணீர்க் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் காபிக் கடையில் இன்தா என்று ஒருவர் உண்டு. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். எழுபது வயதிலும் சட்டைப் பையில் அளவு நாடா வைத்திருப்பார். நான் எதைச் சொன்னாலும் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்கித்தான் காதில் போட்டுக்கொள்வார். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த விஷயத்தை மட்டும் அவர் வெட்டக்கூட இல்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஒரு வருஷமாகச் சாதிக்கிறார். மண்டியிட்ட அந்த வீரயுத் மேல் எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி ஆறிவிட்டது. இன்தா மேல் வந்தது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் இந்த வருஷம், எங்கள் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான சொங்க்ரானுக்கு முதல் நாள் காலை, கடை நிறைய ஆள் இருந்த நேரமாகப் பார்த்து, அவரை எனக்கு நேர் எதிரே உட்கார வைத்து, முதலிலிருந்து சொன்னேன்.

போன ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நான் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தால் ஆற்றுத் துறையைக் காணோம். வாங் ஆறு இருக்கிறது, துறை இல்லை. கோயிலின் பின்வாசலிலிருந்து ஆற்றுக்கு ஐம்பத்தெட்டுப் படிகள் இறங்கும். அடியில் நாங்கள் மணல் அள்ளும் திட்டு. அந்தத் திட்டை வளைத்துத் தகர வேலி போட்டிருந்தார்கள். படிகளின் தலைமாட்டில் ஒரு கம்பிக் கதவு. உள்ளே மேடை. மேடையின் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிகளை அடுக்கி இரண்டு கோபுரம். சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக் கோழி அன்று மூன்று மஞ்சள் கரு வைத்து முட்டையிட்டது.

செய்தது வீரயுத். ஆற்றோர விடுதியின் முதலாளி, நாற்பத்தொரு வயது. அந்த வருஷம் விழாக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். நுரைத் திருவிழாவாம். ஆளுயரத்துக்குச் சோப்பு நுரை பீய்ச்சுவானாம், வெளியூர்க்காரர்கள் அதில் குதித்து ஆடுவார்களாம். மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அந்த வேலிக்குக் கோடு போட்டுக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். இன்தா. குழுவில் கேட்டார்கள், அளந்து கொடுத்தேன், அளக்கத்தான் எனக்குத் தெரியும் என்றார்.

இது வெறும் வேலியாக இருந்தால் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பேன். என் மனைவி புவாலாய் இருக்கிறாளே, அவள் அதற்கு முந்தின வருஷம் வலது முழங்காலை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். கட்டிலில் கிடந்தபோது கோயில் புத்தருக்கு நேர்ந்துகொண்டாள். நடக்க முடிந்தால், பண்டிகையின் நடு நாளான வான் நாவ் அன்று, மாலை முரசு அடிப்பதற்குள், தன் கையாலேயே ஆற்று மணலை மூன்று கிண்ணம் சுமந்து வந்து மணல் தூபிக்குப் போடுவதாக. மற்றவர்கள் சுமந்தால் செல்லாது. இடது முழங்காலுக்கு மே மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு படி ஏறுவாளா, மாட்டாளா என்று டாக்டருக்கே தெரியாது. ஆக அந்த ஒரு நாள்தான். மூன்று மாதமாக வீட்டு வாசற்படியில் ஏறி ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். படி தேய்ந்து ஒரு விரற்கடை குறைந்தது, நானே பார்த்தேன்.

இன்தா அப்போதே சொன்னார், அந்தக் காலை வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டுப் படியை மூன்று தடவையா, நடக்கிற காரியமாகப் பேசு தனோம் என்று. அதையும் குறித்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் தேதி முழுக்கத் திட்டினேன். அன்று திட்டலாம். பழைய வருஷம் கிளம்பிப் போகிற நாள், வீட்டுக் குப்பையோடு திட்டும் போய்விடும். வீரயுத்தின் விடுதி வாசலில் நின்று திட்டினேன். சைரன் இல்லாமலே முப்பத்தொரு வருஷம் வண்டிகளை ஒதுங்க வைத்த தொண்டை இது. விடுதியின் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டது. அவன் வெளியே வரவில்லை. பதிலுக்குச் சாயங்காலம் ஒரு லாரி மணலைக் கோயில் முற்றத்தில் கொட்டச் செய்தான். பெரியவர்கள் சிரமப்பட வேண்டாம், இங்கேயே எடுத்துத் தூபி கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பலகையும் நட்டான்.

புவாலாய் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். உள்ளே சிமெண்ட் கட்டி ஒன்றும் பாதி ஓடு ஒன்றும் இருந்தன. வருஷம் முழுக்க நம் காலில் ஒட்டிப் போன கோயில் மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து போடுவதற்குத்தானே மணல் தூபி. கடையில் வாங்கிய மண் யார் காலில் ஒட்டியது? அவள் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வரும்.

பதினான்காம் தேதி விடிந்தது. வான் நாவ். பழைய வருஷமும் போய்விட்ட, புது வருஷமும் வராத நடு நாள். அன்று யாரையாவது திட்டினால், சண்டை போட்டால், வருஷம் முழுக்க வாய் அழுகும். எங்கள் ஊரில் அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீர் கேட்பதற்குக்கூட யோசித்துத்தான் பேசுவார்கள். அதைத் தெரிந்துதான் அந்தப் பயல் நுரைக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று இன்றும் நம்புகிறேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு, நாற்பத்தொரு டிகிரி வெயிலில், வெள்ளிக் கிண்ணத்தோடு புவாலாய் பின்வாசலுக்கு வந்தாள். பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் மணல் அள்ளக் கூடையும், சுட்ட சீயக்காயும் குசும்பாப் பூவும் ஊறிய வாழ்த்துத் தண்ணீர்க் கிண்ணமுமாக நின்றார்கள். கம்பிக் கதவில் காவலுக்கு நின்றவன் துன், எங்கள் தெருக்காரன்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, பட்டை இல்லாமல் உள்ளே விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் அத்தை, என்றான். கீழே அதே ஒலிபெருக்கி டமால் டமால் என்று சோதனை நடத்திக்கொண்டிருந்தது. என் பல்செட்டு அதற்குத் தாளம் போட்டது.

அப்போது வீரயுத் வந்தான். பூப்போட்ட சட்டை, கழுத்தில் மல்லிகை மாலை. சுற்றி நான்கு பேர் கேமராவோடு. விழாவை அப்படியே நேரடியாக உலகத்துக்குக் காட்டுகிறார்களாம். நான் வாயைத் திறந்தேன். முப்பத்தொரு வருஷத்துக் கெட்ட வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி வந்து நின்றன. அவன் இரண்டு கையையும் கூப்பி, கேமரா பக்கம் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேன் ஒழுகச் சொன்னான்.

"பெரியப்பா, இன்னிக்கு வான் நாவ். பாத்து. வாயைத் திறந்தீங்கன்னா வருஷம் பூரா நாறும்."

கேமராக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் வழக்கத்தை எடுத்து என் வாயிலேயே பூட்டுப் போடுகிறான். என் காது இரண்டிலிருந்தும் வந்த ஆவியில் ஒரு கூடை ஒட்டரிசிச் சோறு வேகவைத்திருக்கலாம். திறந்த வாயை மூட முடியவில்லை. மூடினால் வெடித்துவிடும். பேசினால் அழுகிவிடும். புவாலாய் வெறும் கிண்ணத்தைப் பிடித்தபடி அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற கிழவியின் சீயக்காய்த் தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன்.

"நூறு வயசு இருடா," என்றேன்.

சொன்ன விதத்தில் மரத்திலிருந்த காக்கா எல்லாம் பறந்தன. அவன் ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு கேமரா ஞாபகம் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் விழாத் தலைவனை வாழ்த்துகிறார், எவ்வளவு அழகான காட்சி. அவன் செய்த தப்பு அதுதான். அப்படியே சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, கையைக் கூப்பிவிட்டான்.

பெரியவர் வாழ்த்தும்போது நடுவில் எழுந்தால் அந்த வாழ்த்தை அவர் முகத்தில் துப்பியதாக அர்த்தம். சாதாரண நாளிலேயே எழ முடியாது. சொங்க்ரானில் எழுந்தவனை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. நான் அவன் தோளில் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். ஊசி நூல் மாதிரி, அவ்வளவு மெல்ல.

"உன் காது ரெண்டும் நல்லா இருக்கட்டும். அந்தப் பெட்டிங்க சத்தத்துல செவிடாகாம, ஊரு உன்னைப் பத்திப் பேசுறது ஒரு சொல்லு விடாம உனக்குக் கேக்கட்டும். உன் முழங்கால் ரெண்டும் தேயாம இருக்கட்டும். தேஞ்சாலும், கிழவனாகி நீ ஒரு படி முன்னால வந்து நிக்கிறப்போ, எவனும் உங்கிட்ட பட்டை எங்கேன்னு கேக்காம இருக்கட்டும்."

இதில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தால் காட்டுங்கள். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், அது குற்றமில்லை.

பிறகு, சொங்க்ரானுக்குப் பெரியவர்கள் எல்லோரும் மடியில் வைத்திருக்கிற வெள்ளை நூலை எடுத்தேன். மனிதனுக்கு முப்பத்திரண்டு குவான். கண்ணுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று என்று உடம்பில் குடியிருக்கிற உயிர்க்காவல்கள். பயந்தாலோ கெட்ட வழியில் போனாலோ இவை ஓடிவிடும். பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, மணிக்கட்டில் நூலால் கட்டி வைக்க வேண்டும். அவசரத்துக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூப்பாடாகக் கூப்பிடுவதும் உண்டு. நான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். சிலது தூரமாகப் போயிருந்தது, இரண்டு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

நான் முடித்து நிமிர்ந்தால் எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மணல் அள்ள வந்த கிழவிகள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நூலோடும் கிண்ணத்தோடும் நிற்கிறார்கள். முந்நூறு பேர். இன்தா எண்ணியிருந்தால் நாற்பத்தாறு என்பார். வீரயுத்தின் பெற்ற தாய் சங்வானும் அந்த வரிசையில் இருந்தாள். அவள் முறை வந்தபோது மகன் தலையில் கை வைத்து ஒரே வரி சொன்னாள்.

"உனக்கு வெக்கம் வரட்டும்."

அது திட்டா வாழ்த்தா என்று வரிசையில் கொஞ்சம் வாதம் நடந்தது. வெட்கம் என்பது நல்ல குணம், வரட்டும் என்பது வாழ்த்து, ஆகவே செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சங்வான் நூல் கட்டி முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

கீழேயிருந்து ஆள் மேல் ஆள் வந்து அவன் காதில் கிசுகிசுத்தார்கள். மேடையை அவன் வந்துதான் தொடங்கி வைக்க வேண்டும், கூட்டம் காத்திருக்கிறது, பாட்டுப் போடுகிறவன் கோபித்துக்கொள்கிறான் என்று. அவன் சட்டைப் பையிலிருந்த வாக்கிடாக்கி சீயக்காய்த் தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருந்தது. அவனால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. நான்கு கேமராவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன்தானே கூட்டி வந்தான்.

துன்னின் சித்தி வரிசையிலிருந்து விலகிக் கதவுப் பக்கம் போனாள். "நீயும் உக்காரு. உனக்கும் கட்டிடறேன், உன் குவானும் ஒண்ணு ரெண்டு ஓடிப் போயிருக்கு" என்றாள். துன் அப்பாடா என்று கதவை விட்டுவிட்டு மண்டியிட்டான். கதவு தானாகத் திறந்துகொண்டது.

புவாலாய் பக்கவாட்டில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினாள்.

முதல் கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம். மணலோடு மேலே வந்து, யாரையும் பார்க்காமல் என்னைத் தாண்டி முற்றத்துக்குப் போய்த் தூபியில் கொட்டிவிட்டுத் திரும்பினாள். இரண்டாவது கிண்ணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. போதும் என்றேன். காதில் வாங்கவே இல்லை, மறுபடி இறங்கிவிட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அந்தப் படியைக் கட்டியவன் மேல் வந்தது. படிக்கு நிழல் தராத மரத்தின் மேல் வந்தது. ஓடிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், தூக்கினால் நேர்த்தி கெட்டுவிடும்.

அவள் மூன்றாவது கிண்ணத்தோடு நாற்பதாவது படியில் நின்றுவிட்டாள். உட்காரவில்லை, நின்றாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று அவளுக்குத் தெரியும். கிண்ணம் சாய்ந்து மணல் சிந்திக்கொண்டே இருந்தது. இங்கே வரிசையில் கடைசிக் கிழவி முடிச்சுப் போட்டுவிட்டாள். வீரயுத்தின் முழங்கை வரை நூல். அவன் மெதுவாகக் கையைத் தரையில் ஊன்றினான். எழுந்தால் என்ன ஆகும்? கதவு மூடும், இசை தொடங்கும், நுரையில் ஆட இடம் போதாமல் கீழேயிருந்து ஈரக்காலோடு ஆயிரம் பேர் அந்தப் படியில் ஓடி ஏறுவார்கள். நடுவில் அவள்.

நான் ஏற்கெனவே வாழ்த்தியாயிற்று. ஒருவர் இரண்டு தடவை வாழ்த்தினால் முதல் வாழ்த்து பொய் என்று ஆகும். சுற்றிப் பார்த்தேன். ஊரில் அறுபது தாண்டியவர்களில் வாழ்த்தாத ஆள் ஒரே ஒருவர்தான் பாக்கி. மழைமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலிக்குக் கோடு போட்டவர்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு என் வாய் அழுகியிருக்கும். அவரே எழுந்தார். வந்தார். யாருடைய கிண்ணத்தையோ வாங்கினார். வீரயுத்தின் தோளில் கை வைத்து, எழப் போனவனை அப்படியே அமர்த்திவிட்டு, முதல் குவானைக் கூப்பிட்டார். எங்களைப் போல இல்லை. நிலம் அளக்கிற மாதிரி, தலை உச்சியில் ஆரம்பித்து, வடக்கிலிருந்து தெற்காக, ஒரு விரல் இடம் விடாமல் கூப்பிட்டார். இடது கை சுண்டுவிரலுக்குத் தனியாக, அதன் நகத்துக்குத் தனியாக. முப்பத்திரண்டுக்கு மேலேயே போயிருக்கும்.

அவர் கணுக்காலுக்கு வந்தபோது புவாலாய் மேல் படியில் காலை வைத்தாள். அவர் கடைசி முடிச்சைப் போட்டபோது அவள் முற்றத்தில் இருந்தாள். மாலை முரசு அடித்தது.

இவ்வளவையும் காபிக் கடையில் சொல்லி முடித்தேன். வீரயுத் இப்போது ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறான் தெரியுமா என்று கேட்டேன். பெரியவர்கள் மேல் மரியாதை வைத்துத் தானே கதவைத் திறந்துவிட்டானாம். வேலி என்று ஒன்று இருந்ததே இல்லையாம். இந்த வருஷம் மறுபடியும் வேலிக் கம்பம் இறக்கியிருக்கிறான், போய்ப் பாருங்கள். அவன் பொய் சொல்லுவான், அவன் பிழைப்பு அது. கூட நின்று பார்த்த மனுஷர், தன் கையால் நூல் கட்டிய மனுஷர், ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வருஷமாக எப்படிச் சொல்கிறார்? கோடு போட்ட கைதான் நூலையும் கட்டியது என்று சொல்ல அவ்வளவு அவமானமா?

இன்தா நாடாவைப் பையிலிருந்து எடுத்து, இழுத்து, விட்டார். அது சர்ரென்று உள்ளே போயிற்று.

"பதினேழாயிரம் லிட்டர் கிடையாது," என்றார். "மிஞ்சிப் போனா எம்பது. தவளை எல்லாம் பொய். அஞ்சரை மணி நேரமும் இல்ல, நாலு மணி பதினோரு நிமிஷம்."

"அப்போ மூணாவது கிண்ணம்?" என்றேன். "அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது, கொண்டு வந்திருந்தாலும் வெறும் கிண்ணம்தான்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடை வாசலில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வாழையிலையில் பணியாரம் மடித்துக்கொண்டிருந்த புவாலாயைப் பார்த்தார்.

"அடியில ஒரு பிடி மண்ணு இருந்துச்சு. அவங்க என்னைத் தாண்டிப் போறப்போ எட்டிப் பாத்தேன். ஆத்து மண்ணுதான், ஈரமா இருந்துச்சு." நாடாவைப் பையில் போட்டார். "வேலிக்கு நான்தான் கோடு போட்டேன். கதவை அடைச்சுத்தான் வெச்சிருந்தாங்க. அவன் ஒண்ணும் திறந்துவிடல. தனோம் சொன்னது நடந்துச்சு."